பழைய டோம் ரயில்பெட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1940களின் நடுவிலிருந்து 1950களின் முடிவுவரை தயாரான கண்ணாடி மாடப் பெட்டிகள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வட அமெரிக்காவில் மொத்தமாகவே இருநூற்று முப்பதுக்குச் சற்று அதிகமான டோம் பெட்டிகள்தான் ஓடின. ஆனாலும் ரயில் பிரியர்கள் இன்றும் அதிகம் தேடிப் போவது இவற்றைத்தான்.

டோம் பெட்டி என்றால் சரியாக என்ன?

சாதாரணப் பயணிகள் பெட்டி ஒன்றின் நடுப்பகுதியில், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே எழும் கண்ணாடி அறை. சில படிகள் ஏறினால் மேல்தளம். வழக்கமாக 24 இருக்கைகள் இருக்கும். நான்கு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேலே வளைந்தும் கண்ணாடி. கீழே என்ன இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். டோமுக்கு நேர் கீழே பெட்டியின் தளத்தையே கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். அந்தத் தாழ்ந்த இடத்தில் கழிப்பறைகளோ, சின்ன லவுஞ்சோ, படுக்கை அறைகளோ இருக்கும். நடைபாதை நடுவில் போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். ரயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பவர் டோமின் அடியில் சில படிகள் இறங்கி, அப்புறம் ஏறியாக வேண்டும்.

சாதாரண ஜன்னலில் பக்கவாட்டுக் காட்சி மட்டும்தான். டோமில் உட்கார்ந்தால் முன்னே வளைந்து போகும் எல்லாப் பெட்டிகளின் கூரையும் தெரியும், அதற்கும் முன்னால் எஞ்சின், சிக்னல், வரப்போகும் குகை எல்லாம் தெரியும். ரயில் எங்கே போகப்போகிறது என்பதைப் பயணியும் பார்க்க முடிகிறது. டோமின் உண்மையான மதிப்பு இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த யோசனை யாருடையது?

பெருமை பெரும்பாலும் சைரஸ் ஆஸ்போர்னுக்குப் போகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் தயாரிக்கும் பிரிவான எலக்ட்ரோ-மோட்டிவின் தலைவர் அவர். 1944 ஜூலையில் கொலராடோவின் க்ளென்வுட் பள்ளத்தாக்கு வழியாக ஒரு டீசல் எஞ்சினின் ஓட்டுநர் அறையில் பயணம் செய்தார். இருபக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர், கீழே கொலராடோ ஆறு. எஞ்சின் ஓட்டுநருக்கு மட்டும் கிடைக்கும் இந்தக் காட்சியைப் பயணிகளுக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றியதாம். சால்ட் லேக் சிட்டி போய்ச் சேர்ந்ததும் ஓட்டல் அறையிலேயே படம் வரைந்து பார்த்தார். அந்தப் பள்ளத்தாக்கில் 1950இல் இதற்காக ஒரு நினைவுச்சின்னமே வைத்தார்கள். நெடுஞ்சாலைப் பணி வந்தபோது அதை எடுத்து, இப்போது கோல்டன் ஊரிலுள்ள கொலராடோ ரயில்வே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உயரத்திலிருந்து வெளியே பார்க்கும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. சரக்கு ரயிலின் கடைசியில் போகும் கார்டு வண்டியின் கூரையில் சின்னக் கண்ணாடிக் கூண்டு இருப்பது அமெரிக்காவில் வெகுகாலப் பழக்கம். கனடியன் பசிபிக் ரயில்வே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படிப்பட்ட கூண்டு வைத்த பயணிகள் பெட்டிகளை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் உட்காருவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் டோம் பெட்டி எப்போது ஓடியது?

1945 ஜூலையில். ஆஸ்போர்னின் யோசனையைக் கையில் எடுத்தவர் பர்லிங்டன் ரயில்வேயின் தலைவர் ரால்ஃப் பட். பெட்டிகளைத் தயாரித்த பட் கம்பெனி வேறு, இவர் வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 'சில்வர் ஆல்கெமி' என்ற பெட்டியை இல்லினாய் மாநிலம் அரோராவில் உள்ள தங்கள் பணிமனையில் வெட்டித் திறந்து, மேலே கண்ணாடி மாடம் வைத்தார்கள். 'சில்வர் டோம்' என்று புதுப் பெயர். சிகாகோவுக்கும் மினியாபொலிஸுக்கும் இடையே ஓடவிட்டதில் மேலே இடம் பிடிக்கப் பயணிகள் போட்டி போட்டார்கள். உடனே புதிய பெட்டிகளுக்கு ஆர்டர் போனது. 'விஸ்டா-டோம்' என்ற பெயரும் பர்லிங்டன் வைத்ததுதான்.

'நாளைய ரயில்' என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1947 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட காட்சி ரயில் அது. புல்மேன்-ஸ்டாண்டர்ட் தயாரித்த நான்கு பெட்டிகள், நான்கிலும் டோம்: ஸ்டார் டஸ்ட் என்ற உட்காரும் பெட்டி, ஸ்கை வியூ என்ற உணவுப் பெட்டி, ட்ரீம் கிளவுட் என்ற படுக்கைப் பெட்டி, மூன் க்ளோ என்ற லவுஞ்சு. ஊர் ஊராகப் போய் மக்களுக்குக் காட்டினார்கள். 1950இல் யூனியன் பசிபிக் ரயில்வே அதை விலைக்கு வாங்கிச் சாதாரண ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

அதன்பிறகு நடந்தது வேதனையானது. 1960களில் பழசாகிப்போனதும் பெட்டிகள் உடைப்புக்குப் போயின. மூன் க்ளோ மட்டும் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் பல வருடம் கிடந்து, ஒருவழியாக மீட்கப்பட்டு, யூட்டா மாநிலம் ஆக்டன் ரயில் நிலைய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. தயாரானபோது அத்தனை பேர் வரிசையில் நின்று பார்த்த ரயிலில் மிஞ்சியது இந்த ஒரு பெட்டிதான்.

கலிபோர்னியா செஃபிர் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

டோம் என்ற யோசனைக்காகவே நேரம் குறித்து ஓட்டிய ரயில் அது. 1949 மார்ச் 20 அன்று தொடங்கியது. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஓக்லண்ட் வரை, சுமார் 4,000 கி.மீ. பர்லிங்டன், ரியோ கிராண்டே, வெஸ்டர்ன் பசிபிக் என்று மூன்று கம்பெனிகளின் பாதை. ஒவ்வொரு ரயிலிலும் ஐந்து டோம்கள்.

அதே இரு முனைகளுக்கு இடையே இதைவிட வேகமான ரயில்கள் ஓடின. செஃபிரால் அவற்றை முந்த முடியாது. அதனால் வேகத்தை விட்டுவிட்டு, ராக்கி மலையையும் கலிபோர்னியாவின் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேர அட்டவணை போட்டார்கள். பார்க்க அதிகம் இல்லாத பாலைவனம் இரவில் கழிந்துவிடும். டோமில் உட்காரத் தனிக் கட்டணமும் கிடையாது. சாதாரண டிக்கெட் வாங்கியவரும் மேலே ஏறலாம்.

அந்தத் தாராளமே கணக்குப் புத்தகத்தில் பாரமாகவும் விழுந்தது. மேலே இருக்கும் 24 இருக்கைகளை விற்க முடியாது. பெட்டியோ எடை அதிகம், விலை அதிகம், குளிர்சாதனச் செலவு அதிகம். வெஸ்டர்ன் பசிபிக் 1960களின் நடுவிலேயே நிறுத்த அனுமதி கேட்டது. 1970 மார்ச்சில் ரயில் நின்றது. நிறைந்து ஓடிய ரயிலும் நஷ்டத்தில் ஓடிய காலம் அது.

ரியோ கிராண்டே மட்டும் விடவில்லை. 1971இல் நாட்டின் பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக் என்ற அரசு நிறுவனம் ஏற்றபோது அதில் சேராமல், டென்வருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே 'ரியோ கிராண்டே செஃபிர்' என்ற பெயரில் அதே டோம் பெட்டிகளை 1983 ஏப்ரல் வரை ஓட்டியது. ஆஸ்போர்னுக்கு யோசனை பிறந்த அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான்.

முழுநீள டோம் எப்போது வந்தது? அது இன்னும் நன்றாக இருந்ததா?

மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி 1952இல் பத்து 'சூப்பர் டோம்' பெட்டிகளை இறக்கியது. கண்ணாடி மாடம் பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீண்டது. சாண்டா ஃபே 1954இல் பட் கம்பெனியிடம் 14 'பிக் டோம்' வாங்கியது. கிரேட் நார்தர்னின் எம்பயர் பில்டர் ரயிலுக்கு 1955இல் 'கிரேட் டோம்' வந்தது. சதர்ன் பசிபிக் தன் சேக்ரமென்டோ பணிமனையிலேயே ஏழு முக்கால்நீள டோம் பெட்டிகளை உருவாக்கியது. அந்தப் பாதையில் குகைகளும் பனிமறைப்புக் கொட்டகைகளும் தாழ்வு என்பதால் அவற்றின் உயரம் குறைவு.

இடவசதி என்று பார்த்தால் முழுநீளம்தான் மேல். மேலே எத்தனையோ பேர் உட்காரலாம், கீழே விசாலமான மதுக்கூடம். ஆனால் நடு வரிசையில் உட்கார்ந்தவருக்கு முன்பக்கக் காட்சி கிட்டத்தட்ட இல்லை. முன்னே தெரிவது சக பயணிகளின் தலைகள்தான். அதனால் குட்டி டோமுக்கே என் ஓட்டு. சூப்பர் டோமின் இன்னொரு பிரச்சினை எடை: நூறு டன்னைத் தாண்டியது. அத்தனை பெரிய கண்ணாடி அறையைக் கோடையில் குளிர வைப்பதும் பெரும்பாடாக இருந்தது.

நியூயார்க் பக்கம் ஏன் டோம் பெட்டிகளைக் காணோம்?

உயரம்தான் காரணம். டோம் பெட்டியின் உச்சி தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 16 அடி. நியூயார்க்கின் பென் நிலையத்துக்குப் போகும் ஹட்சன் ஆற்றடிக் குகைகளில் அதற்கு இடமில்லை. வாஷிங்டன்வரை மேலே மின்கம்பியும் உண்டு. கிழக்கே இருந்த ரயில்வேக்களில் பால்டிமோர் அண்டு ஓஹையோ மட்டும் சிகாகோ–வாஷிங்டன் ஓட்டத்தில் டோம் வைத்தது. அந்தப் பாதையில் மலைப்பகுதி பெரும்பாலும் இரவில் வரும். அதற்காக டோமின் மேலே ஃப்ளட்லைட் வைத்து, இருட்டில் பாதையோரக் காடுகளை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள்! செலவைப் பாராமல் இப்படி ஒரு காரியம் செய்தவர்களை நினைத்தால் பிரியமாக இருக்கிறது.

டோமில் சாப்பாடும் உண்டா?

சிலவற்றில் உண்டு. யூனியன் பசிபிக் 1955இல் வாங்கிய டோம் உணவுப் பெட்டிகளில் சமையலறை கீழே. தட்டுகளைச் சின்ன லிஃப்டில் மேலே அனுப்புவார்கள். சாண்டா ஃபேயின் சூப்பர் சீஃப் ரயிலின் டோம் பெட்டியில் 'டர்க்காய்ஸ் ரூம்' என்ற தனி விருந்தறை இருந்தது. முன்பதிவு செய்து சின்னக் குழுவாக அங்கே சாப்பிடலாம்.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் ஒழிந்துபோயின?

பொதுவான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1956க்குப் பிறகு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள், 1950களின் கடைசியில் ஜெட் விமானம். 1967இல் தபால் துறை பெரும்பாலான கடிதப் போக்குவரத்தை ரயிலிலிருந்து எடுத்துவிட்டது. பயணிகள் ரயிலை ஓரளவு தாங்கிப் பிடித்திருந்த அந்த வருமானமும் போனது.

ஆனால் அது ரயில் ஏன் நின்றது என்பதற்கான பதில். பெட்டிகள் ஏன் காணாமல் போயின என்பதற்கு வேறு பதில் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. பழைய பெட்டிகளைச் சூடாக்கியது நீராவி. டீசல் எஞ்சின் வந்தபிறகும் அதற்குள் ஒரு கொதிகலன் வைத்து, குழாய் வழியே ரயில் முழுக்க நீராவி அனுப்பினார்கள். குழாய் உறைந்தால் ரயில் நின்றது. 1976–77 குளிர்காலத்தில் ஆம்ட்ராக் பல ரயில்களை ரத்து செய்ய நேர்ந்தது. அதனால் எஞ்சினிலிருந்து 480 வோல்ட் மின்சாரம் எடுத்து வெளிச்சம், வெப்பம், குளிர்சாதனம் மூன்றையும் நடத்தும் முறைக்கு மாறினார்கள். மாற்றாத பெட்டி எதுவும் புது ரயிலில் சேர முடியாது. மாற்றுவதற்குப் பெட்டியின் வயிற்றையே கிழித்து எல்லாக் குழாயையும் வயரையும் புதிதாகப் போட வேண்டும். ஆம்ட்ராக் சில டோம்களுக்கு மட்டும் அந்தச் செலவைச் செய்தது. உடம்பு நன்றாக இருந்த மற்றவை விற்பனைக்குப் போயின. டோம்களைப் பெரும்பாலும் ஒழித்தது துரு அல்ல, குழாய்.

1979இலிருந்து வந்த இரட்டை மாடி சூப்பர்லைனர் பெட்டிகளும், அவற்றோடு சேர்ந்த பெரிய ஜன்னல் லவுஞ்சும் மேற்கில் டோமின் இடத்தை எடுத்துக்கொண்டன. மிஞ்சிய சில 1990களின் நடுப்பகுதிவரை ஓடின. ஆம்ட்ராக்கிடம் கடைசியாக இருந்தது 'ஓஷன் வியூ' என்ற கிரேட் நார்தர்ன் கிரேட் டோம். இலையுதிர் காலத்தில் ஆல்பனிக்கு வடக்கே அடிரோண்டாக் ரயிலில் அதைச் சேர்ப்பார்கள். 2019இல் அதற்கும் ஓய்வு கொடுத்தாகிவிட்டது.

துரு ஒரு பிரச்சினையே இல்லையா?

யார் தயாரித்த பெட்டி என்பதைப் பொறுத்தது. பட் கம்பெனி முழு உடம்பையும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் கட்டியது. 'ஷாட்வெல்டு' என்ற அவர்களுடைய முறையில் மின்சாரம் நொடியின் சிறு பகுதி மட்டும் பாயும். உலோகம் வெகுநேரம் சூடாகாததால் பற்றவைத்த இடத்திலும் துருவை எதிர்க்கும் குணம் கெடாது. எழுபது வருடம் கழித்தும் அந்தப் பெட்டிகள் நம் வீட்டு எவர்சில்வர் அண்டா மாதிரி பளபளக்கின்றன. புல்மேன்-ஸ்டாண்டர்டின் பல பெட்டிகளில் உள்ளே சாதாரண எஃகுச் சட்டம், வெளியே மட்டும் ஸ்டெய்ன்லெஸ் தகடு. இடுக்கில் தண்ணீர் தேங்கினால் உள்ளே அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பழைய டோம் பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கைமாறிய பெட்டிகள் எங்கெல்லாம் போயின?

வினோதமான இடங்களுக்கெல்லாம் போயின. சாண்டா ஃபேயின் பிக் டோம்களில் ஒன்று தவிர எல்லாவற்றையும், காரையும் ஆளையும் சேர்த்து ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோன ஆட்டோ-ட்ரெயின் கம்பெனி வாங்கியது. அது 1980களின் தொடக்கத்தில் நொடித்தது. மில்வாக்கியின் பத்து சூப்பர் டோம்களில் ஆறு முதலில் கனடியன் நேஷனலுக்குப் போய்ப் பனிப்பிரதேசத்தில் ஓடின. பழைய முழுநீள டோம்கள் சில 1980களில் அலாஸ்காவுக்குச் சேர்ந்து, டெனாலி மலைப் பக்கம் கப்பல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றின. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் புதிதாகவே பெரிய கண்ணாடிப் பெட்டிகள் கட்டும் தொழில் பிறந்தது. கனடாவின் ராக்கி மவுண்டனீர் ரயிலில் இன்று ஓடும் இரட்டை மாடிப் பெட்டிகள் அந்த வம்சம்தான்.

கலிபோர்னியா செஃபிரின் 'சில்வர் லாரியட்', 'சில்வர் சோலாரியம்' இரண்டும் தனியார் கையில் புதுப்பிக்கப்பட்டு, ஆம்ட்ராக் ரயிலின் பின்னால் இணைந்து அதே பழைய பாதையில் ஓடியிருக்கின்றன. 'சில்வர் கிரெசன்ட்' மயாமியில் கோல்டு கோஸ்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யூனியன் பசிபிக் தன் சிறப்பு ரயில்களுக்காகச் சில டோம்களைக் கைவசம் வைத்திருக்கிறது.

தனியார் ஒருவர் டோம் பெட்டி வைத்து ஓட்ட முடியுமா?

முடியும், ஆனால் வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. கண்ணாடியே பெரிய செலவு. அமெரிக்க விதிப்படி பயணிகள் பெட்டியின் கண்ணாடி .22 துப்பாக்கிக் குண்டையும், சுமார் 11 கிலோ எடையுள்ள சிமெண்ட் கல்லின் மோதலையும் தாங்க வேண்டும். தட்டையான ஜன்னலுக்கு அது எளிது. டோமின் வளைந்த கண்ணாடியைத் தனியாக அச்செடுத்துச் செய்ய வேண்டும். ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டை காய்ந்தால் மழைநீர் இறங்கும். சக்கரச் சட்டகத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அதோடு 2018இல் ஆம்ட்ராக் தனியார் பெட்டிகளை எங்கே இணைக்கலாம், எங்கே கழற்றலாம் என்பதை மிகவும் சுருக்கிவிட்டது. பலர் அதோடு விற்றுவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் பெட்டிகள் ஓட வழியில்லாமல் நிற்பதுதான் இப்போதைய பெரிய இழப்பு.

ஐரோப்பாவில் இருந்ததா?

கொஞ்சம். மேற்கு ஜெர்மனியின் ரைன்கோல்டு ரயிலுக்கு 1962–63இல் ஐந்து டோம் பெட்டிகள் கட்டினார்கள். ரைன் ஆற்றங்கரைக் கோட்டைகளைப் பார்க்க அருமையான ஏற்பாடு. 1976வரை ஓடின.

நம் இந்திய 'விஸ்டாடோம்' பெட்டிகளும் இதுதானா?

பெயர் அங்கிருந்து வந்தது. அமைப்பு வேறு. சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் தயாரித்த முதல் விஸ்டாடோம் பெட்டி 2017 ஏப்ரலில் விசாகப்பட்டினம்–அரக்கு பாதையில் ஓடத் தொடங்கியது. 44 சுழலும் இருக்கைகள் கொண்ட புதிய வகை 2020 டிசம்பரில் 180 கி.மீ. வேகச் சோதனையைத் தாண்டியது. பெரிய ஜன்னல், கூரையில் கண்ணாடி எல்லாம் உண்டு. ஆனால் மேல்தளம் கிடையாது. பெட்டிக் கூரைகளுக்கு மேலாக எஞ்சினைப் பார்க்கும் காட்சி அதில் வராது. அரக்குப் பள்ளத்தாக்குக்கு அது போதும், நன்றாகவே இருக்கிறது. பழைய டோமோடு ஒப்பிட்டு எதிர்பார்ப்போடு ஏறினால்தான் ஏமாற்றம் வரும்.

உண்மையான பழைய டோமில் இன்று பயணிக்க எங்கே போக வேண்டும்?

யோசிக்காமல் கனடா. கனடியன் பசிபிக் 1955 ஏப்ரலில் 'தி கனடியன்' ரயிலைத் தொடங்கியபோது பட் கம்பெனியிடம் 173 ஸ்டெய்ன்லெஸ் பெட்டிகள் வாங்கியது. அவற்றில் 36 டோம் பெட்டிகள்: நடுவில் சேரும் 'ஸ்கைலைன்' 18, கடைசியில் வட்டமாக முடியும் 'பார்க்' 18. பார்க் பெட்டிகளுக்கு நாட்டுப் பூங்காக்களின் பெயர்கள். உள்ளே அந்தந்தப் பூங்காவை ஏ.ஒய். ஜாக்சன் போன்ற கனடாவின் பேர்பெற்ற ஓவியர்கள் வரைந்த சுவரோவியங்கள் இருந்தன. வியா ரயில் நிறுவனம் 1978இல் இவற்றை ஏற்றது. 1990களின் தொடக்கத்தில் நீராவிக் குழாய்களை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாற்றியது. அமெரிக்காவில் பெரும்பாலான டோம்களுக்கு யாரும் செய்யாத செலவை இங்கே ஒரு அரசு நிறுவனம் செய்தது. அதனால்தான் டொராண்டோ–வான்கூவர் இடையே சுமார் 4,466 கி.மீ. இன்றும் அதே பெட்டிகள் ஓடுகின்றன. 2022இல் அவற்றின் வலு பற்றிக் கேள்வி எழுந்து, ரயிலின் முனையில் ஆளில்லாத பெட்டி ஒன்றைப் பாதுகாப்புக்காகச் சேர்த்து ஓட்டும் நிலையும் வந்தது.

முழுப் பயணம் நான்கு இரவு. பணமும் நாளும் குறைவு என்றால் ஜாஸ்பரிலிருந்து வான்கூவர் வரை மட்டும் ஏறுங்கள். ஜாஸ்பரைத் தாண்டிச் சில மணி நேரத்தில் 3,954 மீட்டர் உயரமுள்ள ராப்சன் மலை வரும். அந்தப் பகுதியில் எல்லோரும் மேலே ஓடுவார்கள். ரயில் ஜாஸ்பரில் நிற்கும்போதே டோமில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது, முடிந்தால் முன்வரிசை. மேகம் இல்லாவிட்டால் மலை உச்சிவரை தெரியும்.